சேவலாண்டிபட்டிக்குப் போய் வந்த வகையில்

சேவலாண்டிபட்டிக்காரங்க மனுக் கொடுக்க வந்து இறங்குன அந்தத் திங்கக்கிழமை, பனையூரணி யூனியன் ஆபீசுல வாயில வச்ச டீ யாருக்கும் தொண்டையைத் தாண்டி இறங்கல. எப்படி இறங்கும்? அப்படி ஒரு ஊரே கிடையாது. ஆபீசர்மாரோட பயணப்படி பில்லுல மட்டும் இருந்த ஊரு அது. பில்லுல இருந்த ஊரு, பில்லுல போட்டிருந்த அதே பஸ்ஸைப் பிடிச்சு, வேட்டி சேலை உடுத்தி, கக்கத்துல குடையை இடுக்கி, இடுப்புல பிள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டு வாசல்ல வந்து நின்னு, "மனு வாங்குறது இங்கதானய்யா?"ன்னு கேட்டா மனுசனுக்கு டீயா இறங்கும்? மேலாளர் தங்கப்பழம் சார் முகத்துல ஈயாடல. என்ஜினியர் பேயறைஞ்ச மாதிரி நின்னவர் நின்னவர்தான். பி.டி.ஓ. ஐயா மெல்ல எந்திரிச்சு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டாரு.

நான் ராசக்கனி. ஆபீசுக்கு எதிர்த்தாப்புல வாகை மரத்தடியில மேசை போட்டு மனு எழுதுறவ. பட்டா, பென்சன், குழாய்த் தண்ணி, பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தள்ளிக் கட்டிட்டான், எதுவா இருந்தாலும் என்கிட்ட வந்து அழுதுட்டுத்தான் உள்ள போகணும். அதனால அந்த ஆபீசுல யாரு யோக்கியன், யாரு முக்கால் யோக்கியன்னு எனக்குத் தெரியும். இந்த ஊரு எப்படிப் பில்லுக்குள்ள முளைச்சுதுன்னும் தெரியும். அதைச் சொல்லிட்டு மேல போறேன், இல்லாட்டி ராசக்கனி கதை விடுறான்னு சொல்லிருவீங்க.

அந்த ஆபீசர்மாரு ஊரு சுத்தாம நாற்காலியத் தேய்ச்ச ஆளுங்க கிடையாது, அதை முதல்ல சொல்லணும். கரிசக்காட்டு வெயில்ல, சொந்த வண்டியில, சொந்தக் காசுல பெட்ரோல் போட்டு, ஊரு ஊராப் போய் வந்தவங்கதான். ஆனா இந்த யூனியன்ல இருக்கிற ஊரெல்லாம் கிட்டக்கிட்ட. இத்தனை தூரம் தாண்டினாத்தான் படி உண்டுன்னு விதி. போன ஊருக்குப் படி இல்ல, படி உள்ள தூரத்துல ஊரு இல்ல. இதுக்கு என்ன செய்யன்னு முழிச்சுக்கிட்டு இருந்த காலத்துல எந்த மகராசனோ, மாற்றலாகிப் போய் இப்ப பேரு கூட யாருக்கும் ஞாபகம் இல்ல, பதினோராம் கல்லுக்குப் பக்கத்துல சேவலாண்டிபட்டின்னு ஒரு ஊரை எழுதி வச்சான். பில்லு பாஸாயிருச்சு. அடுத்த மார்ச்சு மாசம் எல்லாரும் ஒரே மேசையச் சுத்தி உட்கார்ந்து, ஒருத்தர் பில்லைப் பார்த்து ஒருத்தர் எழுதினாங்க. பள்ளிக்கூடம் பார்வையிட சேவலாண்டிபட்டிக்குப் போய் வந்த வகையில், தண்ணித்தொட்டி பார்வையிட சேவலாண்டிபட்டிக்குப் போய் வந்த வகையில், வேலைத்தளம் பார்வையிட சேவலாண்டிபட்டிக்குப் போய் வந்த வகையில். எல்லாரும் காலையில பத்து மணிக்குப் போய் இறங்குவாங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்குத் திரும்பிருவாங்க. புதுசா வேலைக்கு வந்த பிள்ளைங்களும் பழைய பில்லைப் பார்த்து அப்படியே காப்பி அடிச்சதுங்க. ராத்தங்கல் மட்டும் யாரும் எழுத மாட்டாங்க. அதுக்குத் தனியா சான்று கேப்பாங்களாம்.

இப்படியே எழுதி எழுதி, போய்ப் போய், ஒரு ஊரு உண்டாகிப்போச்சு. அவ்வளவுதான். அதுக்கு மேல எனக்கும் தெரியாது, கேக்காதீங்க.

அன்னிக்கு அவங்க நேரா என் மேசைக்குத்தான் வந்தாங்க. முன்னாடி நின்ன ஆளு பேரு கொம்பையா, மண்வெட்டி பிடிச்சுக் காய்ச்ச கை, வேலைத்தளத்து மேஸ்திரி. மனுவுல என்ன எழுதணும்னு கேட்டேன்.

"யம்மா, எங்க ஊருல ராத்திரி இல்ல."

"கரண்டு இல்லையா?"

"கரண்டு இல்ல தாயி. ராத்திரி இல்ல. அஞ்சு மணிக்கு ஆபீசரை வண்டி ஏத்தி விட்டுட்டுத் திரும்புனா காலையில பத்து மணி, அடுத்த ஆபீசர் வந்து இறங்குறாரு. பிள்ளைங்க தூங்குனதே இல்ல. தூக்கம்னா எப்படி இருக்கும்னு பஸ்ஸுல ஒருத்தரைக் கேட்டோம். அவரு சொல்லச் சொல்ல எங்க ஆளுங்க அழுதுட்டாங்க. எங்களுக்கு ஒரே ஒரு ராத்திரி போதும்."

பேனாவை மூடி வச்சுட்டு நிமிர்ந்தேன். அப்பத்தான் கூட்டத்துல ஒரு பொண்ணைப் பார்த்தேன். வயிறு மேசை விளிம்பை முட்ட, மூச்சு வாங்க வாங்க நின்னா. எந்திரிச்சு என் ஸ்டூலைக் கொடுத்தேன்.

"உக்காரும்மா. எத்தனை மாசம்?"

"எட்டு."

"தலைப்பிள்ளையா?"

"ஆமாக்கா. பதினாலு வருசமா."

நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. அவ கண்ணைப் பார்த்ததும் என் சிரிப்பு பாதியில நின்னு போச்சு.

அந்த நேரம் பார்த்து மகளிர் ஊர்நல அலுவலர் சந்திரமதி மேடம் கையில டிபன் பாக்ஸோட ஆபீசை விட்டு வெளிய வந்தாங்க. கர்ப்பிணிப் பொண்ணுங்களையும் கைக்குழந்தைகளையும் போய்ப் பார்த்து எழுதுறது அவங்க வேலை. புருசன் செத்து ரொம்ப வருசமாச்சு, பிள்ளை குட்டி இல்ல, வாடகை வீடு, இன்னும் நாலஞ்சு மாசத்துல ஓய்வு. அவங்களைப் பார்த்ததும் இந்தப் பொண்ணு ஸ்டூலை விட்டு எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்பிட்டா.

"வாங்கம்மா. நல்லாருக்கீங்களா? நான்தான் சீனியம்மா. மாசாமாசம் வந்து பார்த்து எட்டுன்னு எழுதிட்டுப் போவீங்களே."

டிபன் பாக்ஸ் கீழ விழுந்து எலுமிச்சஞ்சோறு தரையெல்லாம் சிதறுச்சு. மேடம் குனிஞ்சு எடுக்கல. எட்டு மாதக் கர்ப்பிணி சீனியம்மாளைப் பார்வையிட சேவலாண்டிபட்டிக்குப் போய் வந்த வகையில். பதினாலு வருசத்துக்கு முந்தி ஒரு நாள் கைக்கு வந்த ஒரு பேரை எழுதி, அதையே மாசாமாசம் போன மாசத்து பில்லைப் பார்த்துக் காப்பி அடிச்சது அவங்கதான். எட்டை ஒன்பதாக்கணும்னு ஒரு தடவை கூடத் தோணல.

"ஐயோ"ன்னாங்க மேடம். அந்தப் பொண்ணு வயித்துல கையை வச்சாங்க. உள்ள இருந்த பிள்ளை ஒரு உதை விட்டுச்சு. அந்த உதையில மேடம் அப்படியே மண்ணுல உட்கார்ந்துட்டாங்க.

முதல் வாரம் பனையூரணியே வாயைப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு. ரெண்டாவது வாரம் யாவாரம் ஆரம்பிச்சுட்டுது, எங்க ஊரைப் பத்தி என்ன நினைச்சீங்க? பதினோராம் கல்லுக்கிட்ட கிழக்கால பிரியுற வண்டிப்பாதை எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சுது, நேத்து வரைக்கும் அது அங்க இல்லைங்கறதை ஒருத்தரும் பெருசா எடுத்துக்கல. ஐஸ் விக்கிறவன் போனான், நல்ல யாவாரம். பாய் விக்கிறவன் போய் ஒரு பாய் கூட விக்காம வந்து திட்டித் தீர்த்தான். கொசுவத்திக்காரன் பாடும் அதேதான். கட்சிக்காரங்க ரெண்டு காரு போட்டுப் போய் எத்தனை ஓட்டுன்னு விசாரிச்சாங்க. ரேசன் கடைக்காரர், ஊரு இருக்கட்டும், கார்டு இருக்கான்னு கேட்டாரு. அங்க ஒரு சேவலும் கூவுறதில்ல, விடிஞ்சாத்தானே கூவ, அதனால அந்த ஊரு சேவல் முட்டையிடும்னு ஒரு வதந்தி கிளம்பி, அதைப் பார்க்கவும் நாலு பேரு போனாங்க. எங்க தெருப் பொம்பளைங்க வளையலும் புளிசோறும் எடுத்துட்டுப் போய்ச் சீனியம்மாவுக்கு வளைகாப்புப் போட்டுட்டு வந்து, பதினாலு வருசம் சுமக்கிறாளே மகராசின்னு ராவெல்லாம் தூங்காமப் பேசுனாங்க. ஆபீசுல மட்டும் மனுவுக்கு சீல் குத்தி, நம்பர் போட்டு, தக்க நடவடிக்கைக்குன்னு எழுதி மேல அனுப்பி வச்சுட்டாங்க. ராத்திரி கொடுக்கிறது எந்தத் துறைன்னு தெரியாம அந்த மனு மாவட்டத்துல மேசை மேசையா அலைஞ்சுது.

அலைஞ்ச மனுதான் வினையக் கொண்டுவந்துச்சு. இல்லாத ஊருக்கு எப்படிப் படி வாங்குனீங்கன்னு தணிக்கைக்காரங்க வரப் போறாங்கன்னு சேதி வந்த அன்னிக்கு ஆபீசுல எல்லாரும் பழைய பில்லுக் கட்டைத் தேட ஆரம்பிச்சாங்க. தங்கப்பழம் சார் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வச்சாரு. நல்ல மனுசன் அவரு, யாருக்கு என்ன கஷ்டம்னாலும் முதல் ஆளா நிப்பாரு.

"பயப்படாதீங்க. அந்த ஊருக்கு வாங்குன படியை அவங்கவங்க சலான் போட்டுக் கருவூலத்துல திருப்பிக் கட்டிருங்க. கட்டிட்டா கேள்வியே கிடையாது. போகவும் இல்ல, வாங்கவும் இல்ல. கணக்கு நேராயிரும்."

நியாயமாத்தான் பட்டுச்சு. எனக்கே பட்டுச்சு. தப்பா வாங்குன காசைத் திருப்பிக் கொடுக்கிறதுல என்ன குத்தம்?

பள்ளிக்கூடங்களைப் பார்க்கிற அதிகாரிதான் முதல்ல கட்டினாரு. அடுத்த திங்கக்கிழமை கொம்பையா என் மேசைக்கு ஓடி வந்தாரு. செருப்பு கூட இல்ல காலுல.

"யம்மா, பள்ளிக்கூடத்தைக் காணோம்."

"இடிஞ்சிருச்சா?"

"இடிஞ்சா மண்ணாச்சும் கிடக்கும்ல? ஒண்ணும் இல்ல. வெறும் காடு. பிள்ளைங்க தெருவுல நிக்குது, ஏன் நிக்கிறோம்னு அதுகளுக்கே தெரியல. வாத்தியாரு பேரைக் கேட்டா, வாத்தியாருன்னா யாருன்னு கேக்குது."

விழுந்தடிச்சு ஆபீசுக்குள்ள ஓடிச் சொன்னேன். எல்லாரும் கேட்டாங்க. எல்லார் முகமும் வெளிறிப் போச்சு. இதோட நிறுத்திருவாங்கன்னு நம்பி நான் வெளிய வந்தேன். மறுநாள் என்ஜினியர் போய்க் கட்டிட்டாரு. தண்ணித்தொட்டி போச்சு, தொட்டியோட தெருக் குழாய் போச்சு.

"அடப்பாவிகளா! உசுரோட இருக்கிற ஊருய்யா அது!"ன்னு நடு ஆபீசுல நின்னு கத்தினேன்.

என்ஜினியர் என்னை நிமிர்ந்து பார்க்கல. "மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன் ராசக்கனி. பத்திரிகை அடிச்சாச்சு. இந்த நேரத்துல சஸ்பெண்டு ஆனா மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாங்க?"ன்னாரு. அழுதாரு கூட. அழுதுக்கிட்டேதான் கட்டியிருக்காரு.

அப்புறம் வேலைத்தளம் பார்த்ததா எழுதின அதிகாரி கட்டினாரு. அந்தத் திங்கக்கிழமை கொம்பையா வரல. என் மேசையில அவருக்கு எழுதி வச்ச மனுவோட நகல் இருந்துச்சு, எடுத்துப் பார்த்தேன். அவரு கைநாட்டு வச்ச இடம் வெள்ளையா இருந்துச்சு. அந்த ஆளோட காய்ச்ச கையை நான் தொட்டிருக்கேன். நேத்துப் பார்த்த மனுசன் செத்தா ஒரு சாவுமேளமாவது கேக்கும்.

கடைசியா மிஞ்சுனது சந்திரமதி மேடம் ஒருத்தர் மட்டும்தான். அவங்க கட்டினா சீனியம்மா இல்ல, வயித்துப் பிள்ளையும் இல்ல. கட்டலைன்னா பென்சன் நிக்கும். பென்சன் நின்னா அவங்களுக்கு அடுத்த வேளைச் சோறு கிடையாது. சாயங்காலம் என் மேசைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க.

"ராசக்கனி, பதினாலு வருசமா ஒரு பொம்பளையப் பிரசவிக்க விடாம வச்சிருக்கேன்டி. எந்தப் பாவி செய்வா இதை?"

"தெரிஞ்சா செஞ்சீங்க?"

"தெரியாமச் செஞ்சா வலிக்காதா அவளுக்கு?" கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "நாளைக்கு நான் போறேன். நிசமாவே போறேன். ஆபீசுல பயண ஆணையும் வாங்கிட்டேன். நீயும் வா."

மறுநாள் போனோம். பதினோராம் கல்லுல இறங்கி வண்டிப்பாதையில நடந்தா, ஊரு பாதி கூட இல்ல. இங்க ஒரு வீடு, அங்க ஒரு வீடு, நடுவுல கருவேலங்காடு. இருந்த கொஞ்சம் பொம்பளைங்களும் பிள்ளைங்களும் மேடத்தைப் பார்த்து, வழக்கமா வர்றவங்களை வரவேற்கிற மாதிரி சொம்புல தண்ணி கொண்டாந்தாங்க. மேடம் அந்தத் தண்ணிய ஒரு சொட்டு விடாமக் குடிச்சாங்க. சீனியம்மா வீட்டுல போய் அவ வயித்தைத் தொட்டுப் பார்த்து, நாடி பார்த்து, எழுதுற நேரம் வந்ததும், "சீனி, உனக்கு இது ஒன்பதாம் மாசம்மா. நாளும் நிறைஞ்சிருச்சு"ன்னாங்க. சொல்லி வாய் மூடல, அவ இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, "யம்மா!"ன்னு கத்தினா.

அஞ்சு மணி ஆச்சு. வெளிய எல்லாப் பொம்பளைங்களும் வழியனுப்ப வரிசையா வந்து நின்னுட்டாங்க. "நேரமாச்சும்மா, வண்டி வந்துரும், கிளம்புங்க"ன்னாங்க. உள்ள ஒருத்தி வலியில துடிக்கிறா, அப்பவும் ஆபீசரை வண்டி ஏத்துறதுதான் அவங்களுக்குத் தெரிஞ்ச மரியாதை. மேடம் செருப்பைக் கழட்டிச் சுவரோரமா வச்சாங்க.

"நான் போகல. இன்னிக்கு ராத்திரி இங்கதான் தங்குறேன்."

யாருக்கும் புரியல. அப்பத்தான் வெயில் மஞ்சளாச்சு. மஞ்சள் சிவப்பாச்சு. பொழுது கருவேலங்காட்டுக்குப் பின்னால இறங்க இறங்க, அந்த ஊரு சனம் பிள்ளைகளை வாரி அணைச்சுக்கிட்டு, "கண்ணு அவிஞ்சுட்டுதே, ஐயோ, கண்ணு அவிஞ்சுட்டுதே"ன்னு கதறுச்சு. நான் வீடு வீடாப் போய், "ஒண்ணுமில்ல தாயி, இருட்டு, இருட்டுதான், மேல பாருங்க"ன்னேன். மேல பார்த்தாங்க. வெள்ளி முளைச்சிருந்துச்சு. அழுத வாய் அப்படியே நின்னுபோச்சு. கொஞ்ச நேரத்துல பிள்ளைங்க ஒண்ணொண்ணாத் தாய் மடியில தலை சாய்ஞ்சுதுங்க. செத்துப்போச்சோன்னு ஒருத்தி மகனை உலுக்குனா. மூச்சு வருது பாருன்னு அவ கையைப் பிடிச்சு நெஞ்சுல வச்சுக் காட்டினேன்.

அங்க முதல் தடவையா விடிஞ்சப்ப பிள்ளை பிறந்துச்சு. பொம்பளப் பிள்ளை. மேடம் பையில கொண்டுவந்திருந்த தன்னோட பழைய நூல் சேலையக் கிழிச்சு அதைச் சுத்தினாங்க. கூரை மேல ஒரு சேவல் என்னமோ மாதிரி ஒரு சத்தம் போட்டுட்டு, தானே பயந்து கீழ குதிச்சுது. சீனியம்மா பிள்ளைய வாங்கி மாரோட சேர்த்துக்கிட்டு மேடத்தைப் பார்த்தா.

"அம்மா, எல்லாரும் திருப்பிக் கட்டிட்டாங்களாமே. நீங்க கட்ட மாட்டீங்கல்ல?"

"இந்தப் பிள்ளை மேல சத்தியமாக் கட்ட மாட்டேன்"னாங்க மேடம். தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணினாங்க. என் கண்ணு முன்னாடிதான்.

திரும்பி வந்து மேடம் ஒரு பில்லு போட்டாங்க. பிரசவம் பார்க்க சேவலாண்டிபட்டிக்குப் போய் வந்த வகையில், ஒரு ராத்தங்கல் உட்பட. அவங்க வேலை பார்த்த காலம் பூராவும் அந்த ஊருக்கு எழுதின பில்லுல அது ஒண்ணுதான் நிசம். அது ஒண்ணுதான் திரும்பி வந்துச்சு. அப்படி ஒரு ஊரு இல்ல, பயணம் நடந்ததுக்கு ஆதாரம் இல்லன்னு சிவப்பு மையில எழுதி, சல்லிக்காசு கிடையாதுன்னு தணிக்கையில தள்ளிட்டாங்க. மேடம் அதைப் பார்த்துச் சிரிச்சாங்க. போனா போகுது ராசக்கனின்னாங்க. வாரத்துக்கு ரெண்டு தரம் போய்ப் பிள்ளையக் குளிப்பாட்டிட்டு வந்தாங்க. பென்சன் வராட்டி அங்கயே ஒரு குடிசை போட்டு இருந்துக்குவேன்னு என்கிட்ட சொன்னாங்க.

ஓய்வு நாளன்னிக்கு ஆபீசுல பந்தல் போட்டு, கேசரி கிண்டி, ஆளுயர மாலை போட்டாங்க. என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில உட்கார வச்சாங்க. எல்லாரும் பேசி முடிச்சு, தங்கப்பழம் சார் எந்திரிச்சாரு. முகமெல்லாம் சிரிப்பு.

"மேடத்துக்கு ஒரு சந்தோசச் சேதி. அந்தப் பழைய படி விசயத்துல பென்சன் நின்னுருமோன்னு அவங்க ரொம்ப மனசொடிஞ்சு போயிருந்தாங்க. அவங்களைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாங்க, சுயமரியாதைக்காரங்க. அதனால நானே மேல பேசி, அவங்க பணிக்கொடையில பிடிச்சுக் கருவூலத்துல கட்டிட்டேன். காலையிலயே கட்டியாச்சு. இனி பென்சன் ஒழுங்கா வரும் மேடம்!"

எல்லாரும் கை தட்டினாங்க. தலையில இடி விழுந்தாப்புல நான் உட்கார்ந்திருக்கேன். மேடம் எந்திரிச்சாங்க. மைக்கைக் கையில கொடுத்தாங்க, வாங்கல. படியில இறங்குனாங்க, வாசலைத் தாண்டுனாங்க, ஓடுனாங்க. அறுபது வயசுப் பொம்பளை கழுத்துல மாலையோட நடு ரோட்டுல ஓடுறாங்க, பின்னாலயே நான் ஓடுறேன், பின்னால கேசரித் தட்டோட ஆபீசே என்னாச்சு என்னாச்சுன்னு வருது. போற ஆட்டோவை மறிச்சு ஏறினோம். வழி நெடுக மேடம் வாய்ல ஒரே வார்த்தை: "கட்டலைடி நான், நான் கட்டலைடி."

பதினோராம் கல்லு இருந்துச்சு. கிழக்கால வண்டிப்பாதை இல்ல. முள்ளு, முள்ளு, கண்ணுக்கெட்டுன மட்டும் கருவேல முள்ளு. சேலை கிழியக் கிழிய உள்ள போனோம். சீனின்னு கூப்பிட்டா காட்டுல ஒரு காக்கா கூடப் பறக்கல. வீடு இல்ல, அடுப்பு இல்ல, சாம்பல் கூட இல்ல. போதும் வாங்கன்னு நான் மேடம் கையைப் பிடிச்சப்பதான் அழுகைச் சத்தம் கேட்டுச்சு.

வெறுந்தரையில, மேடத்தோட நூல் சேலையில சுத்தினபடி பிள்ளை கிடந்துச்சு. வேற எதுவுமே இல்லாத காட்டுல பிள்ளை மட்டும் கிடந்துச்சு. வாயோரத்துல பால் ஈரம் காயல. பால் குடிச்சுக்கிட்டு இருக்கையில தாய் போயிருக்கா. நான் அந்த இடத்துலயே உட்கார்ந்து தலையில அடிச்சுக்கிட்டு அழுதேன். மேடம் அழல. மாலையக் கழட்டி முள்ளுல போட்டுட்டுப் பிள்ளையத் தூக்கித் தோள்ல போட்டாங்க.

பிள்ளை எப்படி மிஞ்சுச்சுன்னு பனையூரணியில ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, சாமி புண்ணியம்னாங்க. எனக்கும் மேடத்துக்கும் தெரியும். போகாமப் போன பயணத்துக்கெல்லாம் காசு கொடுத்தாங்க, கொடுத்ததைத் திருப்பிப் பிடிச்சாங்க. இந்தப் பிள்ளை பிறந்த அந்த ஒரு ராத்திரிக்கு யாரும் காசே கொடுக்கல. கொடுக்காததை எப்படிப் பிடிக்க முடியும்?

பிள்ளைக்குச் சீனியம்மான்னே பேரு வச்சு, பென்சன் காசுல பால் வாங்கி வளர்த்தாங்க. இருட்டுனா போதும், பிள்ளை கைதட்டிச் சிரிக்கும். நடக்க ஆரம்பிச்சு, என் மேசைக்கு அடியில வந்து வாகை நெத்து பொறுக்கி விளையாடுற வயசாச்சு.

போன திங்கக்கிழமை மேடமும் பிள்ளையும் என் மேசைக்கிட்ட இருக்கையில தங்கப்பழம் சார் ரோட்டைத் தாண்டி ஓடி வந்தாரு. கையில ஒரு தாளு, இன்னொரு கையில ஸ்வீட் பாக்ஸ். அன்னிக்கு எங்க பின்னாலயே வந்து அந்தக் காட்டைக் கண்ணால பார்த்த நாள்லேர்ந்து அந்த மனுசன் பாதியா இளைச்சுப் போயிருந்தாரு. எப்படியாவது ஒரு நல்லது செய்யணும்னு துடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு.

"மேடம்! பழைய நிலுவைப் பில்லையெல்லாம் பைசல் பண்றாங்க. நான் விடல, நாலு தடவை மாவட்டத்துக்கு நடந்தேன். உங்க ராத்தங்கல் பில்லு பாஸாயிருச்சு! கையெழுத்துப் போட்டாப் போதும், பணம் நாளைக்கே வந்துரும்!"

மேடம் குனிஞ்சு மேசைக்கு அடியிலேர்ந்து பிள்ளைய வெளிய இழுத்து, இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. அது வலிக்குதுன்னு நெளிஞ்சுச்சு, அவங்க விடல. தங்கப்பழம் சார் பிள்ளையப் பார்த்தாரு, தாளைப் பார்த்தாரு, கொடுத்த காசை நாளைக்குத் திருப்பிப் பிடிச்சா என்னாகும்னு அப்பத்தான் அவருக்கு உறைச்சுது. ஸ்வீட் பாக்ஸை என் மேசை மேல வச்சுட்டு வாயைப் பொத்திக்கிட்டாரு.

"ராசக்கனி, எடு பேனாவை. எனக்கு ஒரு மனு எழுது"ன்னாங்க மேடம்.

எத்தனையோ மனு எழுதியிருக்கேன், கொடுங்கன்னு கேட்டுத்தான். எனக்கு வர வேண்டிய பயணப்படியை ஐயா அவர்கள் தயவுகூர்ந்து தர வேண்டாம்னு அன்னிக்குத்தான் முதல் தடவையா எழுதினேன். எழுதிட்டு நிமிர்ந்தேன்.

"காரணம் கேப்பாங்களே மேடம். நிசமாப் போய் வந்த பயணத்துக்கு ஏன் படி வேண்டாம்னு கேப்பாங்களே. என்ன எழுத?"

"போய் வந்ததா எழுதாதடி. போனேன், இன்னும் திரும்பி வரலைன்னு எழுது. திரும்பி வராத பயணத்துக்கு யாரும் படி கொடுக்க முடியாது."

அப்படியே எழுதிக் கொடுத்தேன்.